ஆரணிப் பக்கத்தில் போடாத பெயர்

நான் முதன்முதலாகப் பார்த்தபோது இணையக் கலைக்களஞ்சியத்தில் ஆரணிக்கு மூன்று வரிகள்தான் இருந்தன. ஆரணி, திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஒரு நகராட்சி என்று ஒரு வரி. பூமியில் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று ஒரு வரி. மக்கள்தொகை ஒரு வரி. வந்தவாசியின் பக்கத்தைத் திறந்தேன். அங்கேயும் அதே வரிகள், ஊர்ப்பெயரும் எண்களும் மட்டும் வேறு. கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவனுக்கு இது உடனே புரிந்துவிடும். போன முகூர்த்தத்துக்கு அடித்த பத்திரிகையைத் திறந்து, பெண் மாப்பிள்ளை பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவோம். ஆரணியையும் யாரோ அப்படித்தான் அடித்துப் போட்டிருந்தார்கள்.

இரண்டாயிரங்களின் நடுவில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் அச்சகத்தில் நான் டிடிபி ஆபரேட்டராக இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையால் டைப் ஆகித்தான் ஊருக்குள் போகும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிக் கல்லூரி வரை போனவன் நான் ஒருவன்தான். அப்பா பட்டு நெய்பவர். தன் பெயரை எழுதுவார், பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பார். அம்மாவுக்கு அதுவும் வராது. தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனாலோ என்னவோ, எழுத்தில் ஒன்று குறையாக இருந்தால் அதைச் சரிசெய்வது என் பொறுப்பு என்ற நினைப்பு எனக்குச் சின்ன வயதிலேயே ஏறிவிட்டது. அந்தக் களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று தெரிந்த பிறகு ஆரணியை மூன்று வரியோடு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

வேலை முடிந்த பிறகு அச்சகத்துக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து எழுதினேன். கமண்டல நாக நதி, அரிசி ஆலைகள், கோட்டை, எந்த ஊர்களுக்கு பஸ் போகிறது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். ரொம்ப யோசித்து எழுதியது நெசவைப் பற்றிய இரண்டு வாக்கியங்களைத்தான். "ஆரணியில் பட்டு நெசவு பெரும்பாலும் கூலி முறையில் நடக்கிறது. பட்டு நூலையும் ஜரிகையையும் வியாபாரி தருவார்; தறியும் உழைப்பும் நெசவாளர் குடும்பத்துடையவை." எங்கள் வீட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்று தோன்றியது. சேமி என்ற பொத்தானை அழுத்திவிட்டு, அந்த வரிகளை மறுபடியும் மறுபடியும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அச்சக முதலாளிக்கு இது பெருமையாகப் போய்விட்டது. பத்திரிகை அடிக்க வருகிற எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தார்.

"நம்ம பையன் ஆரணியப் பத்தி நெட்டுல எழுதிகினு இருக்கான். அமெரிக்காவுல இருந்து கூட பார்க்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்பா, கீழ நம்ம பிரஸ் பேரு போட்டியா?"

"அதுல அப்டிலாம் போடக் கூடாதுங்க."

"நோட்டீஸ்னா அடிச்சவன் பேரு இருக்கணும்பா. சட்டம்பா அது."

அவர் விளையாட்டாகச் சொன்னதை ஊர் நிஜமாகவே எடுத்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் ஒரு திருவிழா நோட்டீஸ் அடித்தால் தலைமை, முன்னிலை, உபயம், இங்ஙனம் என்று அரைப் பக்கத்துக்குப் பெயர்கள் இருக்கும். யார் பெயர் எந்த எழுத்தில், யாருக்கு மேல் யார் என்பதில் விழாவே நின்றுபோனதுண்டு. கோயிலுக்கு ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தாலும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு 'உபயம்' என்று பெயர் எழுதி மாட்டுவார்கள். ஆரணியைப் பற்றிய நோட்டீஸ் உலகத்துக்கே போகிறது என்றால் அதில் தங்கள் பெயர் இருக்க வேண்டாமா? பிள்ளையார் கோயில் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். கிரிக்கெட் டீம் பையன்கள் கோப்பையோடு எடுத்த போட்டோ கொண்டுவந்தார்கள். பரோட்டாக் கடைக்காரர் பார்சலோடு வந்து, "ஆரணிக்கு வர்றவன் சாப்ட வாணாவா? அத யாரு சொல்றது?" என்று கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. பார்சலைத் திருப்பிக் கொடுத்தேன். அச்சக முதலாளி அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். வெளியூரில் இருக்கிற, நம்மைத் தெரியாத ஒருவன் ஆரணி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான் அதில் இருக்கும். அதையும் அச்சில் வந்த ஓர் ஆதாரத்தைக் காட்டித்தான் எழுத முடியும். சிலர் சிரித்தார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெரிய சேதம் ஒன்றும் இல்லை.

பட்டுக்கடை முதலாளி வந்தபோதுதான் விஷயம் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

அப்பா அவருக்குத்தான் நெய்துகொண்டிருந்தார். பட்டும் ஜரிகையும் அவர் கொடுப்பார். ஒரு பாவு, அதாவது சில சேலைகளுக்கு ஆகும்படி தறியில் நீளவாட்டில் ஏற்றும் நூல், நெய்து முடிந்ததும் அடுத்த பாவு அவரிடமிருந்து வர வேண்டும். வரவில்லை என்றால் தறி சும்மா நிற்கும். அவர் கெட்டவர் இல்லை. வெள்ளை வேட்டியும் சென்ட் வாசனையுமாக வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எங்கப்பாவப் பத்தி நீ ஒண்ணுமே எழுதலியாமே?"

"எந்த ஒரு ஆளப் பத்தியும் எழுதலீங்க மொதலாளி."

"ஆரணிக்குப் பட்ட கொண்டாந்ததே அவருதான்பா. அவரு பேரு இல்லாம ஆரணி இன்னா ஆரணி?"

"அதுக்கு முன்னாடியே இங்க பட்டு நெஞ்சிருக்காங்களேங்க. எங்க நைனாவோட தாத்தாவே நெஞ்சவருதான்."

திரையைச் சுட்டிக்காட்டினார். "அப்பறம் இது இன்னா, கூலி? நாங்க இன்னா கல்லு ஒடைக்கவா ஆள் வெச்சிருக்கோம்? குடும்பமா பழகிகினு இருக்கோம். இதத் தூக்கிடு. எங்கப்பா பேரப் போடு. ரெண்டே வேல."

"ஆதாரம் இருந்தா போடலாங்க. புஸ்தகம், நியூஸ்பேப்பர், எதுனா இருந்தா குடுங்க."

எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். கோபமே இல்லாமல், விசாரிப்பதுபோல் கேட்டார்: "உங்க நைனா தறியில இன்னும் எத்தினி சேலை கீது?"

அன்று வீட்டில் அதைச் சொன்னேன். அப்பா தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாதான் முதலில் பேசினார்.

"அவரு பேரப் போட்டா இன்னாடா கொறஞ்சி பூடுது? பத்திரிகைல பாக்கறவன் போறவன் பேரெல்லாம் போடறல்ல?"

"பத்திரிகை அவங்க காசு குடுத்து அடிக்கறது. இது அப்டி இல்லம்மா. பட்டு அவரு அப்பாதான் கொண்டாந்தாருங்கறது பொய்."

"பொய்யா மெய்யானு அமெரிக்காக்காரன் வந்து கேக்கப் போறானா?"

குறுக்கு நூலை ஓட்டும் நாடாவை அப்பா ஓரத்தில் வைத்தார். "அவங்கப்பா நல்லவருதான்டா. மழைக்காலத்துல தறிக்குழில தண்ணி ஊறி வேல நின்னப்ப, ஊட்டுக்கு அரிசி அனுப்பினாரு. அத எழுதேன். அது நெசந்தான?"

"அதுக்கும் சான்று வேணும் நைனா."

"நான் சாப்ட்டேன்டா. அதுக்கு மேல இன்னா சான்று?"

அதுவும் உண்மைதான். ஆனாலும் எழுதவில்லை. என் பிடிவாதம் யாருடைய சோற்றில் போய் விழும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒருவருக்குப் பயந்து ஒரு பெயரைப் போட்டுவிட்டால், நாளைக்கு இன்னொருவர் வந்து நிற்கும்போது எதைச் சொல்லி மறுப்பேன்? அப்புறம் அது ஆரணியைப் பற்றிய கட்டுரையாக இருக்காது. இன்னொரு நோட்டீஸ்தான்.

சில நாட்களில் கட்டுரைக்குள் ஒரு புதிய பத்தி முளைத்தது. 'ஆரணிக்குப் பட்டைக் கொண்டுவந்த வள்ளல், ஏழைகளின் இதயத்தில் வாழும்' என்று தொடங்கி முதலாளியின் தந்தை பெயர். கூலி முறை பற்றிய என் வாக்கியங்களைக் காணவில்லை. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று நானே ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தேன். கடைக் கணக்குப்பிள்ளையின் மகன் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதை அடித்ததாகப் பிறகு தெரிந்தது. அவன் செய்தது தப்பில்லை. எனக்குள்ள உரிமைதான் அவனுக்கும்.

எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று, அந்தக் கட்டுரையோடு சேர்ந்த பேச்சுப் பக்கத்தில் மரியாதையாக எழுதிவைத்தேன். என் வாக்கியங்களைத் திரும்பப் போட்டேன். மறுநாள் அவன் மறுபடியும் வள்ளலைக் கொண்டுவந்தான். நான் மறுபடியும் எடுத்தேன். இன்னொரு பட்டுக்கடைக் குடும்பத்துக்கும் இது எட்டியது போலிருக்கிறது. ஆரணிக்குப் பட்டைக் கொண்டுவந்தவர் தங்கள் பெரியப்பா என்று அவர்களும் ஒரு பத்தியைச் சேர்த்தார்கள். ஒரு நாள் முழுக்க ஆரணிக்குப் பட்டு இரண்டு தடவை வந்து இறங்கியிருந்தது. அதையும் எடுத்தேன்.

இந்தக் கூத்தைக் களஞ்சியத்தில் பழைய ஆளான ஒரு தொகுப்பாளர் கவனித்துவிட்டார். அவர் எந்த ஊரோ, என்ன வேலையோ எனக்குத் தெரியாது. புனைபெயர் மட்டும்தான் தெரியும். நான் செய்ததெல்லாம் சரி என்று பேச்சுப் பக்கத்தில் எழுதினார். அதைப் படித்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வரியில், கூலி முறை பற்றிய வாக்கியங்களுக்கும் சான்று இல்லையே, தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

என் தந்தை நெசவாளர், நான் அந்த வீட்டில்தான் இருக்கிறேன் என்று பதில் எழுதினேன்.

"உங்கள் தந்தை சொல்வது உண்மையாகவே இருக்கலாம். வாசிப்பவர் அதை எப்படிச் சரிபார்ப்பார்?" என்று கேட்டார் அவர்.

நான் அப்பாவிடம் கேட்டதையேதான் அவர் என்னிடம் கேட்டிருந்தார். கோபம் வந்தது. அந்த இரண்டு வாக்கியங்களில் பொய் என்று ஓர் எழுத்து கிடையாது. நூலகத்துக்குப் போய்த் தேடினேன். மாவட்டத்தைப் பற்றி இருந்த புத்தகங்களை எல்லாம் எடுத்துவைத்துப் பார்த்தேன். ஜாகீர்தார்கள் இருந்தார்கள், கோட்டை இருந்தது, சண்டைகள் இருந்தன. நெசவுக்கு வந்தால் 'இங்கு நெய்யப்படும் பட்டுச் சேலைகள் பெயர் பெற்றவை' என்பதோடு சரி. நெய்யப்படும் என்று இருந்ததே தவிர யார் நெய்கிறார்கள், நூல் யாருடையது என்று நான் பார்த்த எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை. லைப்ரேரியன், "இன்னாபா, பரீட்சையா?" என்றார். "ஆமாங்க" என்றேன்.

அச்சகத்துக்குத் திரும்பி என் வாக்கியங்களை நானே எடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் 'சான்று இல்லை' என்று எழுதினேன். வள்ளலை எடுத்தபோதும் அதையேதான் எழுதியிருந்தேன். 'ஆரணியில் பட்டுச் சேலைகள் நெய்யப்படுகின்றன' என்று மட்டும் மிச்சம் இருந்தது. சான்று கிடைக்கும் அன்றைக்கு அந்த இரண்டு வாக்கியங்களையும் திரும்பக் கொண்டுவருவது என்று முடிவு செய்துகொண்டேன்.

அதற்குள் அப்பாவின் தறியில் கடைசிச் சேலையும் முடிந்துவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அடுத்த பாவு கேட்டபோது, "பெங்களூர்ல இருந்து பட்டு வரலபா, வந்ததும் சொல்லி அனுப்பறேன்" என்றார் முதலாளி. அதே தெருவில் இரண்டு வீட்டுக்கு அவரிடமிருந்து பாவு வந்திருந்தது. அம்மாதான் எனக்குச் சொன்னார், தட்டை என் முன்னால் வைத்தபடி.

"பட்டு வரலியாம். உன் கம்ப்யூட்டர்ல தேடிப் பாரேன், எங்கனா வழில நிக்கிதானு."

அந்தச் சோற்றைச் சாப்பிட்டு முடிப்பது கஷ்டமாக இருந்தது. கடைக்குப் போய் முதலாளியைப் பார்க்கட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"போய் இன்னா சொல்லப் போற?"

"பாவ நிறுத்தறது நியாயமில்லனு சொல்றேன்."

"பேரப் போடறேன்னு சொல்லுவியா?"

"மாட்டேன்."

"அப்ப எதுக்குப் போற? பேஜாரு. நான் பாத்துக்கறேன், உடு. ஆரணியில ஒரு கடைதானா கீது?"

அடுத்த நாளிலிருந்து அவர் சட்டை போட்டுக்கொண்டு கடைகடையாகப் போனார். தெரிந்த கடைகளில் எல்லாம், அந்த முதலாளியின் ஆளாச்சே, எதற்கு வம்பு என்று தயங்கினார்கள். அந்த நாட்களில் என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அச்சக முதலாளியிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்த்தேன். அவரும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்: "அந்தப் பேர நீ எடுக்காத. சும்மா இரு. வேற எவனாவது எடுப்பான்ல?" யோசித்தேன். எடுப்பான்தான். ஆனால் ஆரணிக்காரன் செய்ய வேண்டிய வேலையை எங்கோ இருக்கிற ஒருவன் செய்யட்டும் என்று ஒதுங்கிக்கொள்ள நான் அந்தப் பக்கத்தை எழுதவில்லை.

முகூர்த்த மாதங்கள் நெருங்கியபோது நெய்ய ஆள் போதவில்லை. புதிதாகக் கடை போட்டிருந்த ஒருவர் எந்த வம்பையும் விசாரிக்காமல் அப்பாவுக்குப் பாவு கொடுத்தார்.

பாவு வந்தால் அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன் தெருவில் நீட்ட வேண்டும். வீட்டுக்குள் அவ்வளவு நீளம் கிடையாது. வெயில் ஏறுவதற்கு முன் தெரு நெடுக மரக்கால்களை ஊன்றி, அதன்மேல் நூலை இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, அறுந்த இழைகளை முடிவார்கள். அக்கம்பக்கத்து வீட்டார் எல்லோரும் கூப்பிடாமலே வந்து நிற்பார்கள். நாளைக்கு அவர்கள் பாவுக்கு நாம் போவோம். அதற்குக் கூலி கிடையாது, டீ மட்டும்தான். பாவு நீட்டியிருக்கும்போது எந்த வண்டியும் குறுக்கே வராது. அவசரமானால் சுற்றிக்கொண்டு போகலாம், இல்லையென்றால் நிற்க வேண்டும்.

அந்தக் காலையில் நானும் ஒரு முனையைப் பிடித்திருந்தேன். செம்மஞ்சள் பட்டு. எதிரில் தெரு முழுக்கக் கைகள். நூலகத்தில் நான் தேடிக் கிடைக்காதது கண்முன்னால் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. எழுதுவதற்குத்தான் புத்தகம் வேண்டும். நானே எடுத்த படத்தைப் போட யாரும் புத்தகம் கேட்பதில்லை. பக்கத்து வீட்டு அண்ணனிடம் முனையைக் கொடுத்துவிட்டு, ஸ்டுடியோ வைத்திருக்கும் என் கூட்டாளியின் வீட்டுக்கு ஓடினேன். அவனிடம் ஒரு டிஜிட்டல் கேமரா இருந்தது.

திரும்பி வந்து படம் எடுக்கும்போது தெருக்கோடியில் ஒரு மொபெட் வந்து நின்றது. பட்டுக்கடை முதலாளி. சுற்றிக்கொண்டு போகவில்லை, ஒரு காலைத் தரையில் ஊன்றிக் காத்திருந்தார். அப்பா அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவரும் ஆட்டினார்.

"ஏம்பா, ஜல்தி முடிங்கப்பா" என்றார் பொதுவாக.

"பட்டு வர லேட்டாயிடுச்சுங்க மொதலாளி. இப்பதான் வந்துது" என்று கூட்டத்திலிருந்து யாரோ சொன்னார்கள். பாவு அதிர்கிற அளவுக்குச் சிரிப்பு. "இழ அறுந்துடும், இழ" என்று அப்பா அதட்டினார். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

படத்தைக் கட்டுரையில் ஏற்றினேன். 'ஆரணியில் ஒரு தெருவில் பட்டுப் பாவை நீட்டும் நெசவாளர்கள்.' படத்தில் தெரிவதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. பழைய தொகுப்பாளர் வந்து, நல்ல படம் என்று எழுதினார். அதைக் கட்டுரையின் உச்சிக்கு ஏற்றியவரும் அவரே. ஆரணி என்று தேடுகிறவனுக்கு இனிமேல் முதலில் எங்கள் தெருதான் தெரியும். மகள் கல்யாணப் பத்திரிகைக்கு வந்த பட்டுக்கடை முதலாளி அதைக் கேட்டுவாங்கிப் பார்த்தார். படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"மொபெட் தெரியுது. ஆளத் தெரியலியே."

"தூரமா நின்னீங்க" என்றேன். பத்திரிகையில் தன் அப்பாவின் பெயரை எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில் போடச் சொன்னார். போட்டேன். அது அவருடைய பத்திரிகை.

கொஞ்ச நாள் கழித்துப் பக்கத்தைத் திறந்தபோது படத்தின் கீழே வரி நீண்டிருந்தது. 'நெசவாளர்கள்' என்பதற்குப் பிறகு, 'முன்னால் நிற்பவர்' என்று போட்டு என் அப்பாவின் பெயர். இனிஷியலோடு. அச்சக முதலாளி பல்லைக் காட்டினார்.

"நான்தான் அடிச்சேன். தப்பு இல்லாம அடிச்சிருக்கனா பாரு. இன்னாபா, இதுல பொய் ஒண்ணும் இல்லியே?"

பொய் ஒன்றும் இல்லை. படத்தில் முன்னால் நிற்பவர் அவர்தான். நம்மைத் தெரியாத ஒருவன் ஆரணியைத் தெரிந்துகொள்ள அந்தப் பெயர் வேண்டுமா? வேண்டாம். எடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில், தேவையில்லை என்று எழுதும்போது மட்டும் விரல் ஒரு தடவை நின்றது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். இன்னொருவர் வாய்வழியாக அவருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன் நைனா."

"அதுல எப்டி இருந்துச்சு, என் பேரு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. இனிஷியல் எல்லாம் சரியா."

அவர் நாடாவைத் தள்ளினார், பலகையை இழுத்து அடித்தார். இரண்டு மூன்று இழை ஓடிய பிறகு சொன்னார்:

"ஒரு நா உட்டு எடுத்திருக்கலாம். நானும் வந்து பாத்திருப்பேன்."